குற்றாலிங்கத்தை ஏமாற்றுவது

மாரித்தாய்க்குக் கை ஒடிந்தது எந்தத் திருடனையும் துரத்தியல்ல. ஆனால் மகளிர் காவல் நிலையத்தில் தலைமைக் காவலராக இருக்கும் ஒருத்திக்குக் கை ஒடிந்தால் யார் அதை நம்புவார்கள்? "எவன்க்கா அடிச்சான்? பேர மட்டும் சொல்லுங்க" என்று ஸ்டேஷனிலிருந்து ஒவ்வொருத்தியாகப் போன் செய்தார்கள். மொட்டை மாடியில் காயப்போட்டிருந்த மோர் மிளகாயைச் சாரல் நனைத்துவிடக் கூடாதென்று ஓடிப்போய், பாசி பிடித்த படியில் சறுக்கி விழுந்ததை அவள் யாரிடமும் முழுசாகச் சொல்லவில்லை. "வண்டி வழுக்கிட்டு" என்று முடித்துக்கொண்டாள்.

வீடு மேலகரத்தில். மகன் கோயம்புத்தூரில் படிக்கிறான். கணவன் குற்றாலிங்கத்துக்குக் குற்றாலத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் கடை; இரண்டு வருடம் ஐந்தருவிப் பக்கம், இப்போது மெயின் அருவிக்குப் போகிற பஜாரில். சீசன் வந்துவிட்டால் விடியுமுன் போய் இருட்டிய பிறகுதான் வருவான். வலது கையில் மாவுக்கட்டோடு, மெடிக்கல் லீவில், மாரித்தாய் பகல் முழுவதும் தனியாகக் கிடந்தாள்.

கட்டைப் பிரித்த பிறகுதான் உண்மையான தொல்லை தொடங்கியது. விரல்கள் மரக்கட்டை மாதிரி நின்றன. சோற்றைப் பிசைய முடியவில்லை, சேலைக்கு ஊக்கு குத்த முடியவில்லை, போனில் ஒரு எழுத்தை அமுக்கினால் பக்கத்து எழுத்து விழுந்தது. டாக்டர் தென்காசியில் ஒரு பிசியோதெரபி சென்டருக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே இருந்த பாஹிமாவுக்கு வேலைக்குச் சேர்ந்து அதிகக் காலம் ஆகியிருக்காது; கறுப்பு பர்தாவுக்கு மேல் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, வருகிற நோயாளிகளை எல்லாம் சிரித்த முகமாக விரட்டிப் பயிற்சி செய்ய வைக்கிற பெண். மாரித்தாயிடம் ஒரு ஸ்பாஞ்சுப் பந்தைக் கொடுத்து வீட்டில் அமுக்கிக்கொண்டே இருக்கச் சொல்லி அனுப்பினாள்.

அடுத்த முறை போனபோது, "பந்த அமுக்குனீங்களா மேடம்?" என்று கேட்டாள்.

"அமுக்குனேன்."

"தெனமுமா?"

"தெனமும்தான்."

பாஹிமா அவளுடைய கைப்பையைக் கண்ணால் காட்டினாள். பையின் வாய் திறந்திருந்தது. உள்ளே, சுற்றியிருந்த பாலிதீன் உறைகூடப் பிரிக்காமல் பந்து உட்கார்ந்திருந்தது.

மாரித்தாய்க்குச் சிரிப்பு வரவில்லை. "எளா, இத அமுக்கிட்டு உக்காந்திருந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சிரும்" என்றாள்.

பாஹிமா கொஞ்சம் யோசித்தாள். மேசையில் ரிப்போர்ட் கட்டைச் சுற்றியிருந்த ரப்பர் பேண்டை உருவி, தன் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் மாட்டினாள். கையை மூடினாள், திறந்தாள். ரப்பர் பேண்ட் மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் தாவியிருந்தது.

"இன்னொருக்க செய்யி" என்றாள் மாரித்தாய்.

செய்தாள்.

"இரு." நாற்காலியைப் பக்கவாட்டில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "இப்ப செய்யி."

அப்படியும் பிடிபடவில்லை. பாஹிமா கையைத் திருப்பி மெதுவாகக் காட்டினாள். கை மூடும்போது நான்கு விரல் நுனிகளையும் ரப்பர் பேண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். விரித்தால் அது தானே தாவிவிடும். அவ்வளவுதான். "நாலு வெரலும் மடங்கணும், நாலும் நிமிரணும். பந்து அமுக்குறதும் இதுவும் ஒண்ணுதான் மேடம். என்ன, இதுல ஆள ஏமாத்தலாம். சின்னப் புள்ளைங்க வந்தா நான் இதத்தான் குடுப்பேன்."

"நான் சின்னப் புள்ளையா?"

"பந்த உறையோட கொண்டு வந்தீங்கள்லா?"

அன்று பஸ்ஸில் மேலகரம் வந்து சேரும்வரை மாரித்தாய் ஜன்னலைப் பார்க்கவேயில்லை. விரல்கள் வலித்தன. பேண்ட் தாவாமல் இருக்கையின் அடியில் போய் விழுந்தது. குனிந்து எடுத்தாள். வீட்டுக்கு வந்தும் விடவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததும் தெரியவில்லை. சாயங்காலத்துக்குள் ஒரு தடவை தாவியது. பிறகு நினைத்தபோதெல்லாம் தாவியது.

குற்றாலிங்கம் கடையடைத்துவிட்டு வந்தபோது வாசலிலேயே மறித்தாள். செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை. "இங்கன பாருங்க" என்று கையை நீட்டினாள். மூடினாள், திறந்தாள்.

அவன் வாயைப் பிளந்தான். "அடேயப்பா! எப்படிட்டீ இது? இன்னொருக்க செய்யி பாப்போம்!" என்று கைதட்டினான். எண்ணெய் வாசனையடிக்கும் அந்தக் கைகள் தட்டிய தட்டில் எதிர்வீட்டு நாய் எழுந்து குரைத்தது.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. போனில் வீடியோ தேடித் தேடிப் பார்த்தாள். வீட்டில் கண்ணில் பட்டதெல்லாம் வித்தைக்கு உதவியது. இரண்டு ஊக்குகளைக் கோத்துவிட்டு, திறக்காமலே பிரித்தாள். தீக்குச்சியைக் கட்டைவிரலுக்குப் பின்னால் மறைத்து, காற்றில் ஊதி அனுப்பியதாகக் காட்டினாள். டம்ளரைப் பேப்பரில் சுற்றி மேசை வழியாகக் கீழே இறக்கினாள். தினமும் குற்றாலிங்கம் வந்ததும் ஒரு காட்சி. தினமும் அவன் வாய் பிளந்தான். "அடேயப்பா!" ஒரு நாள் ஊக்கு வித்தைக்கு அவன் தலையில் கைவைத்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்ததைப் பார்த்து அவளுக்குக் கண்ணில் நீர் வருமளவு சிரிப்பு வந்தது. விரல்களில் வலியும் குறைந்தது. சேலைக்குத் தானே ஊக்கு குத்திக்கொண்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் புது வித்தை ஒன்று கைகூடியது. இருட்டும்வரை காத்திருக்கப் பொறுமையில்லை. தூக்குவாளியில் சோற்றைப் போட்டுக்கொண்டு குற்றாலத்துக்குப் பஸ் ஏறினாள்.

பஜாரில் நல்ல கூட்டம். ஈரத் தலையோடும் ஈரத் துண்டோடும் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். குற்றாலிங்கத்தின் கடைக்குப் பக்கத்துக் கடை ஆதமுடையது. துண்டு, சோப்பு, எண்ணெய்ப் பாக்கெட், பனியன் எல்லாம் விற்பான். மாரித்தாய் அவன் கடையில் தொங்கிய துண்டுகளுக்குப் பின்னால் வரும்போது கணவனின் குரல் கேட்டது.

"இல்ல ஆதம், நல்லாப் பாரு. குச்சி இந்தக் கட்டைவெரலு இடுக்குலதான் இருக்கு. ஊதும்போது எல்லாவனும் வாயப் பாப்பான், அப்ப கைய இப்படித் திருப்பிருவா."

"அண்ணாச்சி, நீங்களே வித்தைக்காரனா ஆயிருவீங்க போல!"

"அவ செய்யுதது எல்லாமே எனக்குத் தெரிஞ்சிரும்டே. ரப்பர் பேண்டு முதக்கொண்டு. முத நாளே தெரிஞ்சிட்டு. பாவம், கை ஒடிஞ்சி கெடக்கா. நாம வாயப் பொளந்தா என்ன கொறஞ்சா போவும்?"

மாரித்தாய் துண்டுகளுக்கு இந்தப்புறமே நின்றாள். பிறகு சுற்றிக்கொண்டு முன்பக்கமாக வந்து, தூக்குவாளியைப் பலகையில் வைத்து, "சூடா இருக்கு, சாப்பிட்டுக்கிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினாள். புது வித்தையைக் காட்டவில்லை.

பஸ்ஸில் அவளுக்குக் காது எரிந்தது. பொய் சொல்கிறவர்களின் முகத்தைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவள். ஒருவன் வாசல்படி ஏறும்போதே இவன் என்ன கதை அளக்கப்போகிறான் என்று சொல்லிவிடுவாள். சொந்த வீட்டில், சோறு போட்ட தட்டுக்கு எதிரே உட்கார்ந்து ஒருத்தன் நாள் தவறாமல் பொய் சொல்லியிருக்கிறான். அவள் அதற்குச் சந்தோஷமாகச் சிரித்திருக்கிறாள். 'பாவம்' என்ற சொல்தான் எல்லாவற்றையும்விட உறுத்தியது.

அன்று இரவு தோசை. குற்றாலிங்கம் மூன்றாவது தோசையில் இருக்கும்போது அவள் தீக்குச்சியை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். விரலில் வைத்தாள், ஊதினாள், கையைத் திருப்பினாள். வேண்டுமென்றே விரலைத் தளர்த்திவிட்டாள். குச்சி அவன் தட்டில், தேங்காய்ச் சட்னியின் நடுவில் விழுந்து செங்குத்தாக நின்றது.

"அடேயப்பா!" என்றான் குற்றாலிங்கம். "எங்கட்டி போச்சு?"

"எங்க போச்சுன்னா கேக்கீங்க?"

"ஆமா. மாயமால்லா மறைஞ்சிட்டு!"

"உங்க சட்னியில நிக்கி."

அவன் சட்னியைப் பார்த்தான். தோசைத் துண்டு கையிலேயே நின்றது. "அட, ஆமா" என்றான் மெல்ல.

"ரப்பர் பேண்டு முதக்கொண்டு தெரியும். முத நாளே தெரியும். ஆதம்கிட்ட செஞ்சி காட்டத் தெரியும். பாவம் மாரி, கை ஒடிஞ்சவ. அப்படித்தான?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "தப்புதான். கட்டு போட்டுக் கெடந்தப்ப நீ பேசவே இல்ல மாரி. நான் வரும்போது டிவி ஓடிட்டிருக்கும், நீ செவத்தப் பாத்துட்டு இருப்ப. எனக்குக் கடையில கையே ஓடாது. அன்னைக்கு அந்த ரப்பர் பேண்டோட வாசல்ல வந்து நின்ன பாரு... அந்த மூஞ்சியப் பாத்து எனக்குத் தெரிஞ்சிட்டுன்னு எப்படிட்டீ சொல்ல?"

அவள் சட்னியிலிருந்து குச்சியை எடுத்து ஓரமாக வைத்தாள். ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. "நல்ல எண்ணந்தான். எனக்கு அது வேண்டாம். இனிமே நடிக்கக் கூடாது. தெரிஞ்சா தெரிஞ்சிட்டுன்னு சொல்லணும். உங்கள நெசமாவே ஏமாத்திக் காட்டுதேன்."

"முடியாதுட்டி."

"ஏன் முடியாது?"

"நான் கடைக்காரன். ஒருத்தன் வந்து இது என்ன வெல, அது என்ன வெலன்னு பேச்சுக் குடுப்பான். கூட வந்தவன் கை சிப்ஸ் தட்டுக்குப் போவும். மூஞ்சியப் பாத்தா கடைய நடத்த முடியுமா? நான் பேசுததெல்லாம் மூஞ்சிகூட, பாக்கது கையத்தான்."

அன்றிலிருந்து வீடு வேறு மாதிரி ஆகிவிட்டது. மாரித்தாய் விதவிதமாக முயன்றாள். குற்றாலிங்கம் கிரிக்கெட் அம்பயர் மாதிரி உணர்ச்சியே இல்லாமல் சொல்வான்: "இடது கை." "சுண்டுவெரல் இடுக்கு." "முந்தானைக்குள்ள." கரண்டியை வளைத்துக் காட்டியபோது, "கரண்டி வளையல, நீ கைய எறக்குத" என்றான். அவள் கரண்டியை அவன்மேல் வீசினாள். அதையும் சரியாகப் பிடித்தான். தோற்றுப்போன எரிச்சலில் படுத்தாலும், இருட்டில் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. "அந்தக் கடுகு டப்பாவுக்குப் பின்னால ஒளிச்சு வச்சது கொஞ்சம் நல்லாருந்துது" என்பான். "பேசாமப் படுங்க" என்பாள்.

ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது அவளுக்கு அந்த யோசனை வந்தது. ஸ்டேஷனில் அவளை அதிகம் அலைக்கழித்தது கண்முன்னால் பறித்துக்கொண்டு ஓடுகிறவர்கள் அல்ல. வீட்டைப் பூட்டிவிட்டுக் கல்யாணத்துக்குப் போனவர்கள் திரும்பி வரும்போது எல்லாம் முடிந்திருக்குமே, அந்தக் களவுகள்தான். பார்க்க ஆள் வருமுன்பே வேலையை முடித்துவிட்டுப் போனவனை எந்தக் கண் பிடிக்கும்? குற்றாலிங்கம் கையைத்தானே பார்க்கிறான். அவன் பார்க்கத் தொடங்கும்போது கைக்கு வேலையே இருக்கக் கூடாது.

அப்படி ஒன்றைப் போனில் தேடினாள். ஏதோ தெரியாத பாஷையில் பேசிய ஒரு பெண், வாழைப்பழத்தை உரித்தாள். உள்ளே பழம் வட்ட வட்டமாக ஏற்கெனவே நறுக்கியிருந்தது. மாரித்தாய் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நேந்திரங்காய் வியாபாரியை வாழைப்பழத்தாலேயே ஏமாற்றுவது!

செய்முறை எளிதுதான். பழத்தின் விளிம்பில் ஒரு ஊக்கின் முனையைச் செருக வேண்டும். வெளியே துளி அசைவு. உள்ளே முனை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்ப் பழத்தை அறுத்துவிடும், தோல் அப்படியே இருக்கும். ஒரு விரல்கடை தள்ளி இன்னொரு குத்து. ஆனால் அவள் கைக்கு அது எளிதாக இல்லை. முதல் பழத்தின் தோல் கிழிந்தது. இரண்டாவது கூழானது. மணிக்கட்டை மெல்லத் திருப்ப வேண்டிய இடத்தில் வலி சுருக்கென்று ஏறியது. ஆனாலும் விடவில்லை. கெட்டுப்போன பழத்தையெல்லாம் மாவில் முக்கிப் பொரித்துத் தள்ளினாள்.

"என்னட்டி, தெனமும் பழம்பொரி?" என்று குற்றாலிங்கம் கேட்டான்.

"புனலூர்க்காரி ஒருத்தி பக்குவம் சொன்னா. பிடிக்கலையா?"

"பிடிக்காம என்ன" என்று இன்னொன்றை எடுத்துக்கொண்டான். பொய்யா நிஜமா என்று முகத்தைப் பார்த்தாள். நிஜம்தான்.

அந்த வாரம் பாஹிமா அவள் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினாள். "இவ்வளவு தூரம் திரும்புதே! கண்டிப்பா பந்து அமுக்கியிருக்க மாட்டீங்க. என்ன செஞ்சீங்க மேடம்?"

"பழம்பொரி" என்றாள் மாரித்தாய்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு உதவிக்கு வருகிறேன் என்று அவளும் கிளம்பினாள். குளிர்ந்த காற்று, நூல் நூலாகச் சாரல். அருவி வழியெங்கும் ஜனம். குற்றாலிங்கம் நேந்திரங்காயைச் சீவுகட்டையில் வைத்து நேராகக் கொதிக்கிற எண்ணெய்க்குள் சீவிக்கொண்டிருந்தான். கடையின் முன்பக்கக் கம்பியில் பழுத்த நேந்திரம்பழத் தார் ஒன்று தொங்கியது. தோலில் இயற்கையாகவே கறுப்புப் புள்ளிகள். அவற்றோடு இன்னும் சில புள்ளிகள் சேர்ந்தால் யாருக்கும் தெரியாது. தினமும் நாலுமணி டீயோடு குற்றாலிங்கம் அந்தத் தாரிலிருந்து ஒரு பழம் பிய்த்துச் சாப்பிடுவான். எதைப் பிய்ப்பான் என்று சொல்ல முடியாது. வழக்கமாகக் கைக்கெட்டுகிற கீழ்ச்சீப்பில்தான்.

மத்தியானத்துக்கு மேல் எண்ணெய் டின் எடுக்க அவன் பஜாரின் பின்பக்கம் போனான். மாரித்தாய் தாருக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, பாக்கெட் மடிப்பவள் போல ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கீழ்ச்சீப்பு முழுவதையும் முடித்தாள். விரல் நடுங்கவில்லை. அவன் டின்னோடு திரும்பி வந்தபோது ஊக்கு சேலையில் இருந்தது, கை பாக்கெட் மடித்துக்கொண்டிருந்தது. அவன் வழக்கம்போல அவள் கையை ஒரு பார்வை பார்த்தான். "என்ன, வித்தை எதுவும் இல்லையா இன்னைக்கு?"

"சோலியப் பாருங்க."

நாலுமணி ஆக இன்னும் நேரம் இருந்தது. அதற்குள் கேரளாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் கடை முன்னால் நின்றது. அப்பா, அம்மா, எட்டு வயது மதிக்கத்தக்க ஒரு பெண்குழந்தை. சிப்ஸ் வாங்கினார்கள். பிறகு அந்த அப்பா பழத்தாரைக் காட்டி, "பழம் ரெண்டெண்ணம்" என்றார்.

மாரித்தாய் சட்டென்று எழுந்தாள். "மேல உள்ளதத் தாரேன், அதுதான் நல்லாருக்கும்" என்பதற்குள் குற்றாலிங்கம் கீழ்ச்சீப்பிலிருந்து இரண்டைப் பிய்த்துக் கொடுத்துவிட்டான்.

அந்தப் பெண்குழந்தை உரித்தாள். ஒரு பக்கத் தோல் விலகியதும் பழம் கேரம் காய்கள் மாதிரி வட்ட வட்டமாக அவள் உள்ளங்கையில் சரிந்தது. இரண்டு வில்லைகள் தரையில் விழுந்தன.

"அம்மே! நோக்கியே!"

அம்மா மற்றதை உரித்தாள். அதுவும் அப்படியே. அப்பா பழத்தைப் பார்த்தார், தோலைப் பார்த்தார், குற்றாலிங்கத்தைப் பார்த்தார். "சேட்டா, இதெங்ஙனெயா?" இது எப்படி என்று கேட்டார்.

குற்றாலிங்கத்துக்கு யாரோ குறை சொல்கிறார்கள் என்று மட்டும்தான் புரிந்தது. "பழத்துக்கு எந்தா கொழப்பம்? நல்ல பழமாக்கும். உரிச்சதுக்கு அப்புறம் நீங்க நறுக்கினா நான் என்ன செய்ய?"

"கத்தி எவிடெ சேட்டா?" என்று அவர் வெறுங்கையை விரித்துக் காட்டினார்.

"இங்கன பாருங்க, நான் உரிச்சிக் காட்டுதேன்." குற்றாலிங்கம் ஒரு பழத்தைப் பிய்த்தான். எல்லாரும் பார்க்க உயர்த்திப் பிடித்துக் காம்பை ஒடித்துத் தோலை இழுத்தான்.

வில்லைகள் ஒவ்வொன்றாகச் சிப்ஸ் தட்டில் விழுந்தன.

மாரித்தாய் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் பிளக்கவில்லை. 'அடேயப்பா' இல்லை. கைதட்டல் இல்லை. முகத்தில் இருந்த எல்லாமே இறங்கிப் போய், பள்ளிக்கூடத்தில் முதல் நாள் விடப்பட்ட குழந்தையின் முகம் மாதிரி இருந்தது. காலித் தோலைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தான். மோந்து பார்த்தான். பிறகு குனிந்து அடுப்பை அணைத்தான். சீசன் நாளில், வியாபார நேரத்தில், அவன் அடுப்பை அணைத்து அவள் பார்த்ததே இல்லை. அப்படியே எண்ணெய் டின்மேல் உட்கார்ந்துவிட்டான்.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. "அண்ணாச்சி, எங்களுக்கும் அந்த நறுக்குன பழம்!" என்று நாலா பக்கமும் கை நீண்டது. ஆதம் தன் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து போனில் வீடியோ எடுத்தான். குற்றாலிங்கம் யாருக்கும் பதில் சொல்லாமல் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் பழம் போடும் சுடலைக்கண்ணுவுக்குப் போன் செய்தான்.

"ஏலே சுடலைக்கண்ணு, என்ன பழம்லே அனுப்பிருக்க? உரிச்சா உள்ள துண்டு துண்டா இருக்கு!... நான் குடிப்பனால? நெசமாச் சொல்லுதேன்... ஆமா, அருவாளால வெட்டின மாதிரி... ஜனமா? ஜனம் அடிச்சிப் புடிச்சி வாங்குதுலே."

எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சுடலைக்கண்ணுவின் குரல் போனை மீறி வெளியே கேட்டது. "அது புது ரகம் அண்ணாச்சி. உங்களுக்குன்னுதான் அனுப்பினேன். அடுத்த லோடுல கொஞ்சம் வெல கூடும், பாத்துக்கிடுங்க."

மாரித்தாயால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. பலகையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, மூச்சு முட்டச் சிரித்தாள். "புது ரகமும் இல்ல, மண்ணும் இல்ல. நான்தான் செஞ்சேன்."

குற்றாலிங்கம் நிமிர்ந்து பார்த்தான். "எத?"

"பழத்த."

"சும்மா கெட மாரி. நான் இங்கனதான இருக்கேன். நீ பழத்தத் தொடவே இல்லையே. உன் கையத்தான நான் பாத்துட்டு இருந்தேன்?"

"நான்தாங்க செஞ்சேன்."

"இதையும் உன் கணக்குல சேத்துக்கிடாத" என்றான் பரிவாக. "ஒனக்குத்தான் இன்னும் எவ்வளவோ வித்தை இருக்கே."

இத்தனை நாள் எதைக் காட்டினாலும் நம்பியது போல நடித்தவன், இப்போது உண்மையைச் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறான். மாரித்தாய் ஸ்டேஷனில் விசாரணைக்கு எழுவது போல எழுந்து நின்றாள். தாரைச் சுட்டிக் காட்டினாள். "மேல் சீப்புல ஒண்ணு பிச்சிக்கோங்க. முழுசா இருக்கும்."

பிய்த்து உரித்தான். முழுசாக இருந்தது.

"கீழ, இந்த ஓரத்துப் பழம். துண்டா இருக்கும்."

துண்டாக இருந்தது.

"நடுச் சீப்பு. எதை வேணும்னாலும் எடுங்க, முழுசு."

அவன் நடுச் சீப்பின் உள்பக்கத்திலிருந்து ஒன்றைத் தேடி எடுத்தான். முழுசு. மலையாளத்துக் குழந்தை கைதட்டியது. அவளைப் பார்த்து ஆதமும், வாங்க வந்த ஆட்களும் தட்டினார்கள். குற்றாலிங்கம் மட்டும் தட்டவில்லை. பழத்தைக் கையில் பிடித்தபடி மனைவியையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பார்வையை அவள் கல்யாணமான புதிதில்கூட அவனிடம் பார்த்ததில்லை.

"எங்கன வச்சிட்டீ செஞ்ச?" என்றான் கடைசியில். குரல் அடங்கியிருந்தது.

"சொல்லட்டா?"

அவன் சட்டென்று கையை நீட்டித் தடுத்தான். "சொல்லாத. சொல்லாத. நானே கண்டுபிடிக்கேன்." பிறகு, யாருக்கும் கேட்காத மாதிரி, "நல்லாருக்கு மாரி. தெரியாம இருக்கது இவ்வளவு நல்லாருக்கும்னு எனக்குத் தெரியாது" என்றான்.

பாக்கி இருந்த கீழ்ச்சீப்புப் பழங்கள் நின்ற இடத்தில் தீர்ந்தன. மறுபடி அடுப்பைப் பற்ற வைத்தாலும் குற்றாலிங்கத்துக்குச் சீவக் கை ஓடவில்லை. காயை எடுப்பான், திருப்பிப் பார்ப்பான், வைப்பான். வெயில் சாயுமுன்னே, "இன்னைக்குப் போதும். ஆதம், கடையப் பாத்துக்கடே" என்றான். ஆதமிடமே புதுசாக இரண்டு துண்டு வாங்கினான்.

"எதுக்கு?" என்றாள் மாரித்தாய்.

"அருவியில நல்லாத் தண்ணி விழுது. ஊரே குளிக்க வருது, நாம சேந்து குளிச்சி எத்தன வருஷமாச்சு? வா."

மெயின் அருவியில் ஆண்கள் பக்கம் வேறு, பெண்கள் பக்கம் வேறு. நடுவில் கம்பித் தடுப்பு. மாரித்தாய் பெண்கள் பக்கம் இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு தலையைக் கொடுத்தாள். தண்ணீர் முதுகில் அறைந்து, தோளைப் பிசைந்து, ஒடிந்து சேர்ந்த மணிக்கட்டின் வழியாக இறங்கியது. சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து முகத்தைத் துடைத்தபோது, தடுப்புக்கு அந்தப்புறம் குற்றாலிங்கம் நின்றுகொண்டிருந்தான். சொட்டச் சொட்ட நனைந்தவன், அவளைப் பார்த்து ஏதோ கத்தினான். கேட்கவில்லை என்று காதைக் காட்டினாள். அவன் இரண்டு கைகளையும் உயர்த்தி, ஒரு நூலைப் பழத்தில் சுற்றி இழுத்து அறுப்பது போலச் செய்துகாட்டினான்.

அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

அவன் யோசித்தான். காம்பைத் திருகித் திறந்து, உள்ளே ஏதோ செலுத்துவது போலக் காட்டினான். பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் இவனுக்கு என்ன ஆயிற்று என்று விலகி நின்று பார்த்தார்கள்.

அதுவும் இல்லையென்று தலையாட்டினாள். குற்றாலிங்கம் சந்தோஷமாகக் கையை உதறிவிட்டு, இன்னும் நன்றாக யோசிப்பதற்காகத் தண்ணீருக்குள் தலையைக் கொடுத்தான்.